பிளீச்சிங் பவுடரோடு ஒரு கரண்டியும் கொடுங்கள்

மழை விட்டதும் தெரு ஓரமாக பிளீச்சிங் பவுடரில் வெள்ளைக் கோடு இழுத்துவிட்டுப் போவதைச் சுகாதாரப் பணி என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நெடி அடித்தால் கிருமி செத்துவிட்டது என்று நம்புகிறோம். வீட்டுக்குள்ளும் அதே கதைதான். பொட்டலத்தைப் பிரித்து, ஒரு கை அள்ளி, தொட்டியில் போட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் போடுடி" என்பார்கள்.

வந்தவாசி என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கோரைப்பாய்தான் ஞாபகம் வரும். ஆனால் நான் வாழ்க்கைப்பட்டது ஆரணி முதலாளிக்குப் பட்டு நெய்த வீடு. பாவு நூலின் பிசின் போக வேகவைக்க, என் மாமனார் சோப்பையும் சோடாவையும் தராசில் நிறுத்துத்தான் போடுவார். சாயத்தையும் கிராம் கணக்கில்தான் நிறுப்பார். நூலுக்கு இருக்கிற அந்த மரியாதை குடிக்கிற தண்ணீருக்கு வேண்டாமா?

தெளிந்த தண்ணீர் 1000 லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் ஏறத்தாழ 2.5 கிராம் போதும். தலைதட்டிய ஒரு டீஸ்பூன்கூட வராது. அதைப் பிளாஸ்டிக் வாளியில் குழைத்துக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் மேலே தெளிந்ததை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துத்தான் பிடிக்க வேண்டும். பொட்டலம் திறந்தே கிடந்தால் வீரியம் போய்விடும்; பிறகு எந்தக் கணக்கும் செல்லாது.

தரை துடைக்கும் பிளீச் திரவத்துக்குக் கணக்கு வேறு. 5 சதவீதத் திரவம் என்றால் 20 மில்லியை எடுத்து 980 மில்லி பச்சைத் தண்ணீரில் ஊற்றினால் 0.1 சதவீதம் வரும். 2020இல் கொரோனாவின்போது தரை, மேசை துடைக்க உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவு அதுதான். முதலில் தண்ணீர், பிறகு பிளீச். மாற்றி ஊற்றினால் கண்ணில் தெறிக்கும். வெந்நீர் கூடாது. கலந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும். சைக்கிளில் வரும் பெயரில்லாக் கேனில் எத்தனை சதவீதம் என்று விற்பவருக்கே தெரியாது. நான் வாங்குவதில்லை.

கக்கூஸ் ஆசிட்டோடு பிளீச்சைச் சேர்ப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. கிளம்புவது குளோரின் வாயு. முதல் உலகப்போரில் சிப்பாய்களைக் கொன்றது அதுதான். கண் எரிந்தால், தொண்டை கமறினால், கழுவியது போதும் என்று உடனே வெளியே வந்துவிடுங்கள்.

அளவு தெரியாதது நமக்கு மட்டுமல்ல. 2020 ஏப்ரலில் திருப்பூர் தென்னம்பாளையம் சந்தையில் சுரங்கம்போல் ஒன்றை அமைத்து, உள்ளே நடந்த மக்கள்மீதே சோடியம் ஹைப்போகுளோரைட், அதாவது அந்தப் பிளீச் திரவத்தின் சரக்கு, கலந்த நீரைத் தெளித்தார்கள். மற்ற ஊர்களும் பார்த்துச் செய்தன. அதே மாதத்தில் மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை வேண்டாம் என்றது. மனிதர்கள்மீது தெளிக்கக் கூடாது என்று மத்திய சுகாதார அமைச்சகமும் அறிவித்தது. பட்டு இழையையே கரைத்துவிடும் சரக்கு அது!

பவுடர் கொடுக்கும் உள்ளாட்சிகளுக்கு ஒரு விண்ணப்பம். பொட்டலத்தோடு ஒரு சின்னப் பிளாஸ்டிக் கரண்டி கொடுங்கள். எத்தனை லிட்டருக்கு எத்தனை கரண்டி என்று பெரிய எழுத்தில் தமிழில் அச்சிடுங்கள். பெரிய செலவில்லை.