உச்சிக்குழி மூடும் முன்

நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். குழந்தையின் உச்சிக்குழிக்கு அந்த மொழியில் ‘ஃபோந்தனெல்’ என்று பெயர். சின்ன நீரூற்று என்று பொருள். அது மெல்லத் துடிப்பதைப் பார்த்தவர்களுக்குப் பெயரின் பொருத்தம் புரியும்.

என் பேரனை ஒன்றரை மாதத் தடுப்பூசிக்குக் கொண்டுபோனோம். நர்ஸம்மா டேப்பால் தலையைச் சுற்றி அளந்துவிட்டு, “பிறந்தப்ப எவ்வளவு இருந்துச்சு?” என்று கேட்டார். டிஸ்சார்ஜ் அட்டையைப் புரட்டினோம். எடை இருந்தது. தலைச் சுற்றளவுக்கான கட்டம் காலி.

முப்பத்து மூன்று வருடம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். ஒரு கட்டம் காலியாக இருந்தால் கோப்பைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஆனால் என் பேரனின் அட்டையை வீட்டில் யாரும், நான் உட்பட, சரிபார்க்கவில்லை.

ஒப்பிட எண் இல்லாததால் இரண்டு வாரம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள். அதற்குள் சுற்றளவு இரண்டு செ.மீ. கூடியிருந்தது. முதல் மூன்று மாதங்களில் ஒரு மாதம் முழுவதற்குமே ஏறக்குறைய இரண்டு செ.மீ.தான் வளர வேண்டும். உச்சிக்குழி வழியாகவே அல்ட்ராசவுண்ட் எடுத்தார்கள். எலும்பு மூடாத இடம் என்பதால் அதுவே மூளையைப் பார்க்கும் ஜன்னல். கதிர்வீச்சு இல்லை, மயக்க மருந்தும் தேவையில்லை. பிறகு எம்.ஆர்.ஐ. மூளையை மூடியிருக்கும் மெல்லிய படலத்தில் பிறவியிலேயே உண்டான நீர்க்கட்டி. அரக்னாய்டு கட்டி என்றார் டாக்டர். அது மூளைநீர் ஓடும் பாதையை அடைத்துக்கொண்டிருந்தது. எண்டோஸ்கோப்பி மூலம் கட்டியில் துளையிட்டு நீருக்கு வழி செய்தார்கள். இன்று அவன் பள்ளிக்கூடம் போகிறான்.

“அப்படியானால் எல்லாக் குழந்தைக்கும் ஸ்கேன் எடுத்துவிடலாமே?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். எனக்கு அதில் சம்மதமில்லை. அரக்னாய்டு கட்டிகளில் பல, தொந்தரவே தராமல் ஆயுள் முழுக்க இருந்துவிடும். கர்ப்பகால ஸ்கேனில் தெரியும் கோராய்டு பிளெக்ஸஸ் கட்டிகள் பெரும்பாலும் பிரசவத்துக்கு முன்பே தானாக மறைந்துவிடுகின்றன. ‘மூளையில் கட்டி’ என்ற இரண்டு சொல்லைக் கேட்ட தாய்க்கு அதன்பின் தூக்கம் ஏது? யாருக்கு ஸ்கேன் தேவை என்பதை முதலில் சொல்லக்கூடியது அந்த டேப்தான்.

ஆனால் ஒருமுறை அளந்தால் போதாது. இரண்டு எண்களுக்கு நடுவே உள்ள வித்தியாசம்தான் சேதி. முதல் எண்ணை எழுதாமல் விட்டால் இரண்டாவது எண் ஊமை.

எனவே தாத்தா பாட்டிகளுக்கு ஒரு வேண்டுகோள். பெயர் சூட்டுவது, காப்பு போடுவது எல்லாம் இருக்கட்டும். பிரசவ ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன் அட்டையில் தலைச் சுற்றளவு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு தடுப்பூசியின்போதும் அளக்கச் சொல்லுங்கள். உச்சிக்குழி புடைத்து இறுகியிருந்தாலோ, ஓயாமல் வாந்தி எடுத்தாலோ, கண்மணிகள் கீழ்நோக்கியே நின்றாலோ அடுத்த தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

அந்த ஜன்னல் ஒன்றரை வயது வாக்கில் மூடிவிடும்.