'இஃப்' எங்கே போச்சு?

குட்டீஸ்... ஆங்கில இலக்கணத்தில், 'இஃப்' வரும் வாக்கியங்களை, டைப் ஒன்று, இரண்டு, மூன்று என, கட்டம் போட்டு மனப்பாடம் செய்கிறீர்கள் அல்லவா? அந்தக் கட்டத்தின் மீது எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. கட்டத்துக்கு வெளியே ஒரு வாக்கியம் வந்தால், 'இது தப்பு' என்று அடித்து விடுகிறீர்களே... அதனால் தான்!

மதுரைக் கதை ஒன்று சொல்கிறேன். அரபிக் கடலுக்குப் போய்க் கொண்டிருந்த பெரியாற்றை, அணை கட்டித் தடுத்து, மலையைக் குடைந்து, வைகைப் பக்கம் திருப்பியவர், பொறியாளர் ஜான் பென்னிகுயிக். 1887ல் துவங்கிய வேலை, 1895ல் முடிந்தது. அந்தத் தண்ணீரை நம்பித் தான், கள்ளந்திரி வரை இருபோகமும், மேலூர் பக்கம் ஒருபோகமும் நெல் போடுகின்றனர். (அணையில் தண்ணீர் குறைந்த வருஷம், மேலூர்க்காரர்கள் படும் பாட்டைக் கேட்க வேண்டுமே!)

இப்போது, தமிழில் சொல்லிப் பாருங்கள்... 'பென்னிகுயிக் அணை கட்டாமல் போயிருந்தால், மேலூர் வயல்கள் இன்று காய்ந்து கிடக்கும்!'

முன்பாதி அன்று, பின்பாதி இன்று. யாராவது தப்பு என்பார்களா?

ஆங்கிலத்திலும் அப்படியே... 'இஃப் பென்னிகுயிக் ஹாட் நாட் பில்ட் தி டேம், மேலூர் ஃபீல்ட்ஸ் வுட் பி டிரை டுடே!' முன்பாதி டைப் மூன்று. பின்பாதி டைப் இரண்டு. இது தான், 'மிக்ஸ்டு கண்டிஷனல்!' பின்பாதியில், 'வுட் ஹாவ் பீன் டிரை' என்று போட்டால், 'அப்போதே காய்ந்திருக்கும்' என, பழைய கதையாகி விடும்.

சில புத்தகங்களில், 'இஃப்' காணாமல் போய், 'ஹாட்' முன்னால் வந்து நிற்கும். 'ஹாட் பென்னிகுயிக் நாட் பில்ட் தி டேம்...' அர்த்தம் அதே தான். பயப்படாதீர்கள், தமிழில், 'போயிருந்தால்' என்ற சொல்லின் வாலிலேயே, 'ஆல்' ஒட்டிக் கொள்கிறதே... நாம் என்ன, 'இஃப்' மாதிரி தனிச்சொல் தேடுகிறோமா?

இரண்டு இடத்தில் மட்டும் உஷார். 'ஹாட்' முதலில் வந்ததே என்று, கடைசியில் கேள்விக்குறி போடாதீர்கள். 'ஹாடன்ட் பென்னிகுயிக்...' என்று சேர்த்தும் எழுதக் கூடாது. 'நாட்' பெயருக்குப் பின்னால் தான் வரும்.

இதையே தலைகீழாகவும் கலக்கலாம். 'வேர் தி வைகை எ பெரெனியல் ரிவர், தி டனல் வுட் நாட் ஹாவ் பீன் நீடட்!' வைகை, வருஷம் முழுக்க ஓடும் ஆறாக இருந்தால், அன்று அந்தச் சுரங்கமே தேவைப்பட்டிருக்காது. இதில், 'இஃப்' எங்கே ஒளிந்திருக்கிறது, கண்டுபிடித்தீர்களா?