வாலாட்டும் நட்சத்திரம்

நம்மூர்க் கதையில் நாய் பேச ஆரம்பித்தால், பக்கத்தில் நிற்கிற மனுஷனைவிடப் புத்திசாலியாகத்தான் பேசும். சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் வரும் ஜீனோ ஒரு இயந்திர நாய். புத்தகம் படிக்கும், கிண்டலடிக்கும், நாடே கையெடுத்துக் கும்பிடுகிற தலைவர் ஜீவாவின் சாயத்தை வெளுக்கிற வேலையிலும் கூட நிற்கும். 2022 பொங்கலுக்கு வந்த ‘நாய் சேகர்’ படத்தில் நாய்க்கு மிர்ச்சி சிவா குரல் கொடுத்திருந்தார். அதிலும் நக்கல் எல்லாம் நாய்க்குத்தான்.

நெட்ஃபிளிக்ஸில் 2014 முதல் 2020 வரை ஆறு சீசன் ஓடிய ‘போஜாக் ஹார்ஸ்மேன்’ இதை அப்படியே திருப்பிப் போட்டது. அதில் நாய்தான் சினிமா பிரபலம்.

முதலில் ஒரு எச்சரிக்கை. கார்ட்டூன்தானே என்று பிள்ளைகள் கையில் ரிமோட்டைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடாதீர்கள். இது பெரியவர்களுக்கான தொடர். குடி, போதை, கெட்ட வார்த்தை எல்லாம் தாராளமாக வரும்.

கதை ஹாலிவுட்டில் நடக்கிறது. மனிதர்களும் பேசும் மிருகங்களும் சேர்ந்து வாழ்கிறார்கள். நாயகன் போஜாக் ஒரு குதிரை, மார்க்கெட் போன டிவி நடிகர். அவருக்குப் போட்டி மிஸ்டர் பீனட்பட்டர் என்கிற லாப்ரடார் நாய். குதிரை நடித்த குடும்பத் தொடரைக் காப்பியடித்த மாதிரி ஒரு தொடரில் நடித்துப் பணக்காரர் ஆனவர். எப்போதும் சிரிப்பு, யாரைப் பார்த்தாலும் உற்சாகம். வாசலில் யார் வந்தாலும் குதித்து ஓடுவார்.

அரூரில் பெரிய நடிகர் படம் ரிலீஸ் ஆகிற அன்று தியேட்டர் வாசலில் பேனருக்குப் பால் ஊற்றும் பையன்களைப் பார்த்து, “நாய்க்குக்கூட இவ்வளவு விசுவாசம் இருக்காது” என்று பெரியவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். இந்தத் தொடர் கேட்பது வேறு கேள்வி. யாராவது தடவிக்கொடுத்துக்கொண்டே இருந்தால்தான் உயிர் வாழ முடியும் என்று இருப்பவர் யார், வாசலில் நிற்கிற ரசிகனா, பேனரில் சிரிக்கிறவரா?

பீனட்பட்டருக்கு மூன்று கல்யாணமும் முறிந்துபோகிறது. ஊரே ரசிக்கிற மாதிரி பிரமாண்டமாக ஒன்றைச் செய்து காட்டுவார். கூட இருக்கிற பெண்ணுக்கு அது பிடிக்குமா என்று கேட்கத் தோன்றாது. ஒரு சீசனில் கவர்னர் தேர்தலில் நிற்கிறார். கொள்கை ஒன்றும் கிடையாது. பனிச்சறுக்குப் பந்தயம் வைத்து யார் கவர்னர் என்று முடிவு பண்ணலாம் என்கிறார். ஐயாவுக்குப் பனிச்சறுக்கே தெரியாது! அமெரிக்காவில் இதை நையாண்டி என்று சிரித்திருப்பார்கள். 1977-லிருந்து நடிகர்களை முதலமைச்சர் நாற்காலியில் பார்த்த நமக்கு, நடிகர் தேர்தலில் நிற்பதெல்லாம் ஒரு விஷயமா?

கடைசி சீசனில் இன்னும் கூர்மை. இவருடைய சோக முகம் இணையத்தில் மீம் ஆகிவிட, மன அழுத்த விழிப்புணர்வுக்கு இவரையே முகமாக்கிவிடுகிறார்கள். கைதட்டல் வாங்கிக்கொண்டு, குஷியாக ஊர் ஊராகப் போய் மன அழுத்தம் பற்றிப் பேசுகிறார்.

நாய் இப்படித் தப்பித்துக்கொள்கிறது. தப்பிக்காமல் போனது சாரா லின் என்கிற பெண். குதிரையின் பழைய தொடரில் மூன்று வயதுக் குழந்தையாக நடிக்க வந்தவள். அவளுக்குக் கட்டடக் கலை படிக்க ஆசை. அம்மா அதை வாயைத் திறக்கவே விடவில்லை. வளர்ந்து பெரிய பாடகி ஆகி, 31 வயதில் போதையில் செத்துப்போகிறாள். அந்த எபிசோடைப் பார்த்த பிறகு எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. கார்ட்டூன் பொம்மைக்குப் போய் இப்படியா என்று வீட்டில் சிரித்தார்கள்.

எங்கள் தெருவில் ஒரு ஆறு வயதுக் குட்டி இருக்கிறாள். சினிமாப் பாட்டுக்கு நன்றாக ஆடுவாள். முன்பெல்லாம் தானாக ஆடிக்கொண்டிருந்தாள். இப்போது பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பவுடர் பூசி, மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய் நாலைந்து டேக் எடுக்கிறார்கள். சாயங்காலம் என்னைப் பார்த்தால் அவள் கேட்பது, “அத்தை, லைக் போட்டீங்களா?”

சினிமா, டிவியில் நடிக்கிற பிள்ளைகளுக்காவது சட்டம் இருக்கிறது. 2017-ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் விதிகள்படி ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூப்பிடக் கூடாது. பிள்ளையின் விருப்பம் இல்லாமல் நடிக்க வைக்கக் கூடாது. சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் அந்தப் பிள்ளை பெயரிலேயே வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும். படப்பிடிப்பு நம் மாவட்டத்தில் நடந்தால், தயாரிப்பாளர் தர்மபுரி கலெக்டரிடம் அனுமதி வாங்கியாக வேண்டும்.

மொட்டை மாடிக்கு எந்தக் கலெக்டர் வரப்போகிறார்? போன வாரம் அந்தக் குட்டியின் அம்மாவிடம், ஒரு புடவைக் கடை விளம்பரத்துக்குக் கொடுத்த பணத்தை எங்கே போட்டாய் என்று சும்மா கேட்டேன். “புதுசா ரிங் லைட் வாங்கிட்டோம்க்கா” என்றாள்.