காவல் நிலையத்தில் ஒரு துகிலுரிதல்

2022 ஏப்ரலில் ஒரு புகைப்படம் நாடெங்கும் பரவியது. மத்தியப் பிரதேசத்தின் சீதி நகரக் காவல் நிலையத்தில் எட்டு ஆண்கள் வெறும் உள்ளாடையோடு சுவரோரம் வரிசையாக நிற்கிறார்கள். ஒரு நாடகக் கலைஞர் கைதானதை எதிர்த்து நடந்த போராட்டத்தில் பிடிபட்டவர்கள் அவர்கள், செய்தியாளரும் உண்டு. ஆடையைக் கொண்டு தூக்கிட்டுக்கொள்ளக் கூடாதே என்றுதான் களைந்தோம் என்றது காவல் தரப்பு. அக்கறை என்றே வைத்துக்கொள்வோம். வரிசையில் நிறுத்திப் படம் எடுத்தது யாருடைய உயிரைக் காக்க?

வடநாட்டுச் சமாசாரம் என்று மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ அமர்ந்து நாம் நிம்மதி கொள்ள இயலாது. 'லாக்கப்' என்றால் ஜட்டியோடு குந்தியிருப்பது என்பதை நம் திரைப்படங்கள் நகைச்சுவைக் காட்சியாகவே ஆக்கிவிட்டன. நாமும் சிரித்துப் பழகிவிட்டோம்.

சட்டம் என்ன சொல்கிறது? 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 49ஆம் பிரிவு, கைதானவரைச் சோதித்து உடைமைகளை எடுத்துவைக்கலாம் என்கிறது. ஆனால் அவசியமான உடுப்பைத் தவிர்த்து. எடுத்தவற்றுக்கு ரசீதும் தரவேண்டும். பெண்ணைப் பெண்ணே, கண்ணியம் சிறிதும் குறையாமல் சோதிக்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 51ஆம் பிரிவும் இதையே சொன்னது. மேலும், பிணையில் விடத்தக்க குற்றத்தில் பிணை கொடுக்க முன்வருபவருக்கு இந்தச் சோதனையே பொருந்தாது. சாலை மறியல் செய்தவரின் வேட்டியை அவிழ்க்க இதில் எங்கே இடமிருக்கிறது?

சென்னையில் வேறொரு வழக்கமும் உண்டு. போராடுவோரைப் பேருந்தில் ஏற்றிக் கல்யாண மண்டபத்திலோ சமுதாயக் கூடத்திலோ அடைத்து, மாலையில் விடுவிப்பார்கள். கைதா, இல்லையா என்பது அடைபட்டவருக்கே தெரியாது. காவல் நிலையங்களில் கேமரா வேண்டும் என்று 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. மண்டபம் காவல் நிலையம் அன்று. அந்த ஆணை அங்கே எட்டாது. நிலையத்திலோ வேறு சிக்கல். கழிப்பறைக்கு வெளியேதான் கேமரா என்று கவனமாகச் சொன்ன அந்த ஆணை, லாக்கப்பினுள் கேமரா வேண்டும் என்கிறது. அங்கேயே ஆடை களையப்பட்டால், அடியைத் தடுக்க வந்த கேமரா அவமானத்தைப் பதிவு செய்யும்.

பிடிபட்டவரின் அந்தரங்கம் உடலோடு முடிவதுமில்லை. 2019 டிசம்பர் 29 அன்று பெசன்ட் நகரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துக் கோலமிட்ட பெண்களையும், உதவ வந்த வழக்கறிஞர்களையும் காவல் துறை பிடித்துச் சென்று, பிறகு விடுவித்தது. சில நாட்களில், அப்பெண்களில் ஒருவரின் முகநூல் பக்கத்தை முன்வைத்து, அவருக்குப் பாகிஸ்தான் தொடர்பு இருக்கிறதா என்று அன்றைய மாநகர ஆணையரே செய்தியாளர்களிடம் ஐயம் கிளப்பினார். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் 2017இல் தீர்ப்பளித்திருந்த நாடு இது.

நாம் கேட்பது பெரிதன்று. ஆடை களையும் சோதனைக்குக் காரணம் எழுத்தில் வேண்டும். ஆண்களுக்கும் அதே கண்ணியம் வேண்டும். திரையிட்ட தனியறை, உள்ளே கேமராவோ கைப்பேசியோ கூடாது, அதன் வாயிலில் கேமரா கட்டாயம். உடலைப் பரிசோதிக்க வேண்டுமென்றால் மருத்துவர் செய்யட்டும். மண்டபத்தில் அடைத்தாலும் இவை அனைத்தும் பொருந்த வேண்டும்.

பாஞ்சாலியின் துகிலுரியப்பட்ட கதைக்குச் சபாக்களில் கண் கலங்குகிறவர்கள் நாம். துச்சாதனனை மட்டுமா பாரதி ஏசினான்? வேடிக்கை பார்த்து நின்ற ஊராரையும் அவன் விட்டுவைக்கவில்லை. சீதியின் அந்தப் படத்தைப் பகிர்ந்துவிட்டு அடுத்த வேலைக்குப் போன நாமும் அந்த ஊரார்தாம்.