எத்தனை சிசி, எத்தனை வெள்ளி, எத்தனை வண்டி?

இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் மோட்டார் பந்தயம் பற்றியவை இரண்டு வகை. ரந்தாவ், சிலியாவ், பகாவ் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பெற்றோர் எழுதுவது ஒரு வகை. "மகன் சம்பளத்தையெல்லாம் மோட்டாரில் கொட்டுகிறான். ராத்திரியில் எங்கே போய் ஓட்டுகிறான் என்றும் தெரியவில்லை. என்ன செய்வது?" என்று கேட்பார்கள். சிரம்பானிலும் நீலாயிலும் வேலை பார்க்கும் இளைஞர்கள் எழுதுவது இன்னொரு வகை. "முறையான பந்தயத்தில் ஒருமுறையாவது ஓட்ட ஆசை. எவ்வளவு செலவாகும்?"

இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்திலிருந்துதான் தொடங்குகிறது: இன்ஜின் பிரிவு. எந்த இன்ஜினை அனுமதிப்பது, அதில் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்ற விதிதான் செலவைத் தீர்மானிக்கிறது. செலவுதான் எத்தனை பேர் வரிசையில் வந்து நிற்பார்கள் என்பதைத் தீர்மானிக்கிறது. பந்தயம் பணக்காரர் வீட்டு விளையாட்டா, தோட்டத்துப் பையனும் நுழையக்கூடியதா என்பது இந்த ஒரு விதியில் இருக்கிறது.

மூன்று மில்லிமீட்டர் கணக்கு

நமக்குத் தெரிந்த வண்டியிலிருந்தே பார்ப்போம். யமஹா எல்சி135 இன்ஜினில் பிஸ்டனின் விட்டம் 54 மில்லிமீட்டர். அது மேலும் கீழும் ஓடும் தூரம் 58.7 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் 134 சிசி. 2015-இல் வந்த ஒய்15இசட்ஆர் வண்டியில் ஓடும் தூரம் அதேதான். விட்டம் மட்டும் 57 மில்லிமீட்டர். மூன்று மில்லிமீட்டர் கூடியதில் வண்டி 150 சிசி பிரிவுக்குப் போய்விட்டது.

இதைத்தான் நம் பையன்கள் பட்டறையில் செய்கிறார்கள். "பிளாக் 62" என்று பேசிக்கொள்வார்கள். 54 இருந்த இடத்தில் 62 மில்லிமீட்டர் பிஸ்டன் போட்டால் அதே 135 வண்டி 177 சிசி ஆகிவிடும். அதோடு முடிவதில்லை. பிஸ்டன் பெரிதானால் எரிபொருள் அதிகம் வேண்டும். கார்புரேட்டரை மாற்ற வேண்டும், வால்வை மாற்ற வேண்டும், கிளட்ச் தாங்காது, சூடு கூடும். முதலில் சில நூறு வெள்ளி என்று தொடங்கியது, வண்டி வாங்கிய விலையின் பாதியைத் தின்றுவிடும். ஜே.பி.ஜே. அனுமதி இல்லாமல் சாலை வண்டியின் இன்ஜின் கொள்ளளவை மாற்றுவது குற்றம். விபத்து நடந்தால் காப்புறுதி நிறுவனம் கையை விரிக்கவும் இடமுண்டு.

தோட்டத்து வீட்டில் இதற்கு இன்னொரு விலையும் உண்டு. பல வீடுகளில் இருப்பது ஒரே கப்சாய். விடியற்காலையில் அப்பா செம்பனைக் காட்டுக்கு வேலைக்குப் போவது அதில்தான். தங்கையைத் தமிழ்ப்பள்ளியில் இறக்கிவிடுவதும் அதில்தான். சனிக்கிழமை இரவு அந்த இன்ஜின் "ஜேம்" ஆனால் திங்கட்கிழமை அப்பாவின் நாள் சம்பளம் போகிறது.

சாலையில் நடக்கும் போட்டிக்குப் பிரிவு இல்லை. எதிரே நிற்பவன் 62 போட்டால் நான் 65 போட வேண்டும். அவன் அதையும் தாண்டுவான். இந்தப் போட்டிக்கு மேல் எல்லை கிடையாது. முறையான பந்தயத்தில் பிரிவு என்ற ஒன்றை வைத்ததே அந்த எல்லையைப் போடத்தான்.

அமெரிக்க மண் தடத்தில் நடந்தது

அமெரிக்காவில் ஸ்பிரிண்ட் கார் பந்தயம் என்று ஒன்று உண்டு. பெரும்பாலும் அரை மைல் அல்லது அதற்கும் குறைந்த நீள்வட்ட மண் தடத்தில் நடக்கும். கூரைக்கு மேல் பெரிய தகட்டு இறக்கை வைத்த சின்னக் கார். கியர்பாக்ஸ் இல்லை, ஸ்டார்ட்டர் இல்லை. இன்னொரு வண்டி பின்னாலிருந்து தள்ளித்தான் கிளப்ப வேண்டும். மெத்தனாலில் ஓடும் இந்தக் காரின் எடை நம் மைவியைவிடக் குறைவு. ஆனால் மேல் பிரிவில் இன்ஜின் சக்தி சுமார் 900 குதிரைத்திறன்.

அங்கே பிரிவுகளுக்கு எண்தான் பெயர்: 410, 360, 305. எல்லாம் கன அங்குலக் கணக்கு. நம் கணக்கில் 6.7 லிட்டர், 5.9 லிட்டர், 5 லிட்டர். 410 பிரிவுதான் உச்சம். 1978-இல் தொடங்கிய வேர்ல்ட் ஆஃப் அவுட்லாஸ் தொடர் அதில்தான் நடக்கிறது. அயோவா மாநிலத்தின் நாக்ஸ்வில் என்ற சிற்றூரில் 1961 முதல் நடந்துவரும் பெரிய போட்டிக்கு 100 கார்கள் அளவில் வந்து குவியும்.

அது ஆண்டுக்கு ஒருமுறை வரும் திருவிழா. சாதாரண சனிக்கிழமை இரவில் கதை வேறு. ஒரு நல்ல 410 இன்ஜின் மட்டுமே 50,000 அமெரிக்க டாலரைத் தாண்டும். அதைப் பருவத்துக்குள்ளேயே பிரித்துப் புதுப்பிக்கவும் வேண்டும். உள்ளூர்ப் போட்டியில் ஜெயித்தால் கிடைப்பதோ சில ஆயிரம் டாலர். பகலில் லாரி ஓட்டி, வயல் வேலை செய்து, வார இறுதியில் பந்தயம் ஓட்டுகிறவர் எத்தனை வாரம் தாங்குவார்? வரிசையில் கார் குறையும். கார் குறைந்தால் டிக்கெட் விற்காது. டிக்கெட் விற்காத தடத்தில் ஒருநாள் வீடு கட்டிவிடுவார்கள்.

இதற்கு மருந்தாக வந்ததுதான் 305 பிரிவு. சின்ன இன்ஜின் என்பது மட்டும் அதன் ரகசியம் இல்லை. சின்ன இன்ஜினிலும் பணத்தைக் கொட்ட முடியும். அந்தப் பிரிவின் விதிகள் எல்லாருக்கும் ஒரே வகை சிலிண்டர் ஹெட் என்று கட்டிப்போட்டன. சக்தி எங்கே பிறக்கிறதோ அந்த இடத்தைப் பூட்டிவிட்டால், மற்றதில் எவ்வளவு செலவழித்தாலும் பெரிய பயன் இருக்காது. செலவழித்துப் பயனில்லை என்றால் யாரும் செலவழிக்க மாட்டார்கள்.

கோயம்புத்தூரிலிருந்து செப்பாங்குக்கு

இதே பாடத்தைத் தமிழ்நாடும் படித்திருக்கிறது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதை ஒன்று இருந்தது. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல்லாண்டுகள் பந்தயம் நடத்தியது. கூட்டம் அலைமோதும். ஆனால் அதில் பெரிய கார் ஓட்டியவர்கள் யார்? விஜய் மல்லையா போன்ற தொழிலதிபர்கள் வெளிநாட்டுப் பந்தயக் காரையே இறக்குமதி செய்து ஓட்டினார்கள். மற்றவர்கள் சாதாரணக் காரைத் தட்டிக்கொட்டிக் கொண்டுவந்தார்கள். ஒரே தடத்தில் இரண்டு உலகம்.

அதை மாற்றியவர்களில் முக்கியமானவர் கோயம்புத்தூர் கரிவரதன். மாருதி 800 குடும்பக் காரின் மூன்று சிலிண்டர், 796 சிசி இன்ஜினை எடுத்து, ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டினார். 1980-களின் கடைசியில் ஃபார்முலா மாருதி என்ற பிரிவு பிறந்தது. காய்கறி வாங்கப் போகும் காரின் இன்ஜின்தான். உதிரிப் பாகம் எந்தக் கடையிலும் கிடைக்கும். எந்த மெக்கானிக்கும் கை வைப்பார். கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் இறந்துபோனார். கோயம்புத்தூருக்கு அருகே செட்டிப்பாளையத்தில் உள்ள பந்தயத் தடம் இன்றும் அவர் பெயரில் இருக்கிறது. பின்னால் வந்த ஃபார்முலா எல்ஜிபி பிரிவும் மாருதியின் 1300 சிசி இன்ஜினை வைத்து அதே வழியில்தான் போனது.

அந்த 796 சிசி வண்டியில் தொடங்கியவர்கள் எங்கே போனார்கள்? கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன் 2005-இல் ஜோர்டன் அணிக்காக நம் செப்பாங்கில் ஃபார்முலா 1 ஓட்டி 11-ஆவது இடத்தில் முடித்தார். சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் 2000-இல் ஃபார்முலா மாருதியில் பட்டம் வென்றவர். 2010-இல் அதே செப்பாங்கில் 15-ஆவதாக முடித்தார். இருவரும் வசதியான, பந்தயம் அறிந்த குடும்பத்துப் பிள்ளைகள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அவர்களும் முதல் படியை மிதித்தது ஒரு மலிவான பிரிவில்தான். அந்தப் படி இல்லாவிட்டால் மேல் படிக்குப் பேச்சே இல்லை.

நம் நாட்டிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கரம்ஜிட் சிங் 2002-இல் புரோட்டோன் பெர்ட் காரில் உலக ரேலியின் உற்பத்திக் கார் பிரிவில் உலகப் பட்டம் வென்றார். தொழிற்சாலையிலிருந்து விற்பனைக்கு வரும் காரை அதிகம் மாற்றாமல் ஓட்ட வேண்டும் என்பது அந்தப் பிரிவின் விதி. பெரிய நிறுவனங்கள் கோடிக்கணக்கில் செலவழிக்கும் மேல் பிரிவில் நம்மவர் மோதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கப்சாய்க்கு ஒரு மேடை

நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருப்பது கார் இல்லை, கப்சாய். அதற்கென்றே 1994-இல் தொடங்கியது கப் பிரிக்ஸ் போட்டி. செப்பாங் தடம் 1999-இல் திறப்பதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, ஊர் ஊராகப் போய்ச் சின்னத் தடங்களில் நடந்த போட்டி இது. முன்பு எக்ஸ்பர்ட், நோவிஸ், வீரா என்று பிரிவுகள். இப்போது மேல் பிரிவுக்குப் பெயரே சிபி150. வீரா என்பது இளையவர்களுக்கானது. மலாய்ச் சொல்தான், ஆனால் நம் "வீரர்" அதில் இருப்பது காதுக்கே கேட்கும்.

2016-இல் அர்ஜென்டினாவில் மோட்டோ3 பந்தயத்தை வென்ற கைருல் இடாம் பாவி, 2018-இல் மோட்டோஜிபி-யில் ஓட்டிய முதல் மலேசியர் ஹபிஸ் ஷாரின் ஆகியோர் கப்சாயில் வளர்ந்து மேலே போனவர்கள். நம் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியின் உறவுக்கார வண்டி அது.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஆசைப்படவும் வேண்டாம். மேல் பிரிவில் ஓடுவது பார்க்கத்தான் கப்சாய். உள்ளே இருப்பது ஆதரவாளர்களும் பெரிய அணிகளும் செய்த வேலை. தனி ஆளாக ஒரு பையன் அங்கே போட்டியிட முடியாது. அவன் பார்க்க வேண்டியது "ஒன் மேக்" என்று சொல்லும் பிரிவை. எல்லாருக்கும் ஒரே தயாரிப்பு, ஒரே மாடல், மாற்றத்துக்குக் கடுமையான வரம்பு. காரில் ஆசை உள்ளவர்களுக்கு 2017-இல் தொடங்கிய டொயோட்டா வியோஸ் போட்டியும் இதே தத்துவம்தான். இங்கே ஜெயிப்பவன் பட்டறைக்காரனால் ஜெயிப்பதில்லை. பிரேக் எங்கே பிடிப்பது, வளைவில் எப்போது திறப்பது என்ற கணக்கால் ஜெயிக்கிறான். மேலே இருக்கும் அணிகள் தேடுவதும் அவனைத்தான்.

பிரிவு பெருகினால் வரிசை மெலியும்

ஏற்பாட்டாளர்கள் அடிக்கடி விழும் குழி ஒன்று உண்டு. எல்லாரையும் திருப்திப்படுத்த ஒரே நாளில் எட்டுப் பத்துப் பிரிவு வைத்துவிடுவார்கள். ஒவ்வொன்றிலும் ஆறு வண்டி, ஏழு வண்டி. மூன்று கோப்பை கொடுத்தால் பாதிப் பேருக்குப் பரிசு. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஏழு பேரில் மூன்றாவதாக வந்தவனுக்குத் தன் திறமை என்னவென்றே தெரியாது. பார்ப்பவருக்கும் சலிப்பு. இரண்டே பிரிவு, ஒவ்வொன்றிலும் இருபத்தைந்து வண்டி இருந்தால் 14-ஆவது இடத்துக்குக்கூடச் சண்டை நடக்கும். அந்தச் சண்டையில்தான் ஓட்டக் கற்றுக்கொள்வார்கள். ஆகவே ஒரு போட்டிக்குப் போகுமுன், போன முறை அந்தப் பிரிவில் எத்தனை வண்டி ஓடியது என்று கேளுங்கள். பரிசுத் தொகையைவிட அந்த எண் அதிகம் சொல்லும்.

பணம் கொடுக்குமுன்

மகன் கேட்கிறான், அல்லது உங்களுக்கே ஆசை. அப்படியானால் இன்ஜின் விலையை மட்டும் கேட்காதீர்கள். ஒரு காகிதத்தில் வரிசையாக எழுதுங்கள்: வண்டி, நுழைவுக் கட்டணம், டயர், பயிற்சி நாளுக்குத் தடக் கட்டணம், வண்டியை ஏற்றிப்போக லாரி அல்லது வேன், ஹெல்மெட்டும் தோல் உடையும், விழுந்தால் பழுது பார்க்கும் செலவு. ஒரே மாதிரி இன்ஜின் பிரிவில் இன்ஜின் செலவு அடங்கிவிடும். அப்போது டயரும் பயிற்சியும்தான் பையைக் காலி செய்யும். புது டயர் எத்தனை என்று விதியில் வரம்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பணம் அந்த வழியாக உள்ளே வரும்.

கடன் வாங்கி ஓட்ட வேண்டாம். அப்பா வேலைக்குப் போகும் வண்டியைத் தொட வேண்டாம். பந்தயத்துக்கு வேறு வண்டி, அது பழையதாக இருந்தாலும் சரி. முறையான போட்டியில் ஓட்ட, மலேசிய மோட்டார் விளையாட்டுச் சங்கத்தின் உரிமம் பற்றியும் வயது வரம்பு பற்றியும் முதலில் விசாரியுங்கள். ஓட்ட வசதியில்லை, ஆனால் அந்த உலகத்தில் இருக்க வேண்டும் என்றால் வேறு கதவும் உண்டு. செப்பாங்கில் கொடி காட்டும் மார்ஷல் வேலைக்குத் தொண்டூழியர்கள் தேவைப்படுகிறார்கள். அணிகளுக்கு நல்ல மெக்கானிக் எப்போதும் தேவை. நம் பையன்களில் பலர் கண்ணை மூடிக்கொண்டு இன்ஜினைப் பிரித்துச் சேர்ப்பார்கள். அந்தக் கைக்குச் சான்றிதழ் ஒன்று சேர்ந்தால் அது வாழ்க்கைக்கான வேலை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. "மோட்டாரைத் தொடாதே" என்று சொல்லி ஜெயித்த வீட்டை நான் அதிகம் பார்த்ததில்லை. "எந்தப் பிரிவு, எத்தனை வண்டி, மொத்தச் செலவு எவ்வளவு, எழுதிக் கொண்டு வா" என்று கேட்டுப் பாருங்கள். கணக்கு எழுதத் தயாராக இருக்கும் பிள்ளைக்கு உதவலாம். எழுத மறுக்கும் பிள்ளை சாலையில்தான் ஓட்டப் போகிறான் என்று பொருள். அவனிடம் உட்கார்ந்து பேச வேண்டியது இந்த வாரமே.