உயிரியல் ஆய்வை இறக்குமதி செய்ய முடியாது

இலங்கைப் பல்கலைக்கழகம் ஒன்றின் விலங்கியல் அல்லது தாவரவியல் துறையில் இருந்துகொண்டு கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்வது காலவிரயம் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. பெற்றோர் சொல்கிறார்கள், உயர்தர வகுப்பு ஆசிரியர்கள் சொல்கிறார்கள், விரிவுரையாளர்களிலேயே சிலர் சொல்கிறார்கள். 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இந்தக் குரல் இன்னும் உரத்திருக்கிறது. அவர்கள் சொல்வதன் சாரம் இது: இந்தச் சிறு தீவில் கண்டுபிடிக்க இனி என்ன இருக்கிறது? இருந்தாலும் அதற்கான கருவிகள் இங்கே இல்லை. தவளையையும் ஓணானையும் எண்ணிக்கொண்டிருப்பதால் சனங்களுக்கு ஒரு பயனும் இல்லை. ஆகவே கெட்டிக்காரர்கள் வெளிநாடு போகட்டும், இங்கிருக்கும் விரிவுரையாளர்கள் பாடத்தை ஒழுங்காக நடத்தினால் போதும். இந்த வாதத்தை மாத்தளை மாவட்டத்தின் எல்கடுவையில் வைத்தே உரசிப் பார்க்கலாம். தேயிலைத் தோட்டங்களுக்கும் நக்கிள்ஸ் மலைத்தொடரின் காட்டுக்கும் அருகே இருக்கும் ஊர் அது. பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து காலையில் புறப்பட்டால் மாலையில் திரும்பிவிடலாம்.

கண்டுபிடிக்க ஒன்றும் மிச்சமில்லை என்பதிலிருந்து தொடங்குவோம். நக்கிள்ஸ் யாரும் கால்வைக்காத மலையல்ல. ஆங்கிலேயர் காலத்திலேயே தோட்டங்கள் ஏறிய மலை. அதன் மரநிழலில் பல தலைமுறைகளாக ஏலம் பயிரிட்டிருக்கிறார்கள். அங்கே மட்டும் வாழும் இலைமூக்கு ஓணான் 1861இலேயே விஞ்ஞான நூலில் இடம்பெற்றுவிட்டது. அதே ஆண்டில் பீட்டர்ஸ் என்ற ஜெர்மானியர் நம் மலைநாட்டின் இன்னோர் ஓணானுக்குக் கொபோட்டிஸ் சிலனிக்கா என்று பெயர் வைத்தார். இலங்கையில் அந்தப் பேரினத்துக்கு அந்த ஓர் இனம்தான் என்று 145 ஆண்டுகள் நினைத்திருந்தோம். நக்கிள்ஸில் வாழ்வது வேறோர் இனம் என்பது 2006இல்தான் தெளிவானது. கொபோட்டிஸ் தும்பறா என்று அதற்குப் பெயரிட்ட குழுவில் பேராதனை விலங்கியல் துறையின் கித்சிரி ரணவனவும் ரஷ்ய ஊர்வன ஆய்வாளர்களும் இருந்தார்கள். அதே ஆண்டில் இலங்கையர் குழு இன்னொன்றும் தனியாக அதே விலங்கை விவரித்தது. ஒரு மலையின் ஓர் ஓணானைத் தேடி ஒரே ஆண்டில் இரண்டு குழுக்கள் போயிருக்கின்றன என்றால், அங்கே தேட ஒன்றுமில்லை என்று எப்படிச் சொல்வது? தவளைகளின் கதை இன்னும் பெரிது. நக்கிள்ஸின் ஈரப்பாறைகளில் மட்டும் வாழும் நன்னோஃபிரிஸ் மார்மொராட்டா என்ற தவளையை இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பராக்கிரம கீர்த்திசிங்க 1946இல் விவரித்தார். அதன் தலைப்பிரட்டைகள் குளத்தில் நீந்துவதில்லை. பாறைமேல் படலமாக வழியும் நீரில் ஒட்டிக்கொண்டு வளர்கின்றன. 2002இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்த ஆய்வோ, இலங்கையின் மரத்தவளைகளில் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் இருப்பதாகக் காட்டியது. அருங்காட்சியகப் போத்தல்களில் மட்டுமே எஞ்சியிருக்கும் இனங்களும் பல உண்டு என்று தெரியவந்தது. நமக்கு அறிமுகமாகும் முன்பே அவை அழிந்துபோய்விட்டன.

இங்கே எதிர்த்தரப்பு ஒரு நியாயமான கேள்வி கேட்கலாம். அந்த 2002 ஆய்வின் முதல் ஆசிரியர் மாதவ மீகஸ்கும்புர, அமெரிக்காவின் பொஸ்டன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டத்துக்குப் படித்தவர். களத்தேடலின் பெரும்பகுதியை நடத்தியது ரொஹான் பெத்தியாகொட நிறுவிய தனியார் அறக்கட்டளை. அப்படியானால் இது உங்கள் வாதத்துக்கே எதிரான சான்றல்லவா? பாதி உண்மை. மரபணு வரிசையை வாசிக்கும் வசதி அன்று அங்கேதான் இருந்தது. அதை மறுப்பதில் பொருளில்லை. ஆனால் அந்த ஆய்வு எதன்மேல் எழுந்தது என்று பாருங்கள். எந்தப் பள்ளத்தாக்கில், எந்த உயரத்தில், எந்தப் பருவத்தில், எந்தக் குரலில் கத்தும் தவளை என்று பல ஆண்டுகள் இரவிரவாக அலைந்து சேகரித்த அறிவின்மேல் எழுந்தது. அந்த அறிவை எந்தக் கருவியும் தராது. மரபணு வாசிப்பு ஆண்டுக்காண்டு மலிந்துவருகிறது. மாதிரியை இன்னோர் ஆய்வுகூடத்துக்கு அனுப்பியும் வாசிக்கலாம். காட்டை அனுப்ப வழியில்லை. மீகஸ்கும்புர படிப்பை முடித்துப் பேராதனைக்கு வந்து ஆய்வு மாணவர்களை உருவாக்கியதையும் சேர்த்துப் பார்த்தால், வெளிநாட்டுப் பயிற்சியும் உள்நாட்டுத் துறையும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பது விளங்கும். வந்து சேர்வதற்கு ஒரு துறை இங்கே உயிரோடு இருக்க வேண்டும். அதைத்தான் ‘பாடம் நடத்தினால் போதும்’ என்பவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

கருவியைவிட அரிதான ஒன்று உயிரியலுக்குத் தேவை: ஓரிடத்தை விட்டு விலகாமல் நெடுங்காலம் பார்த்துக்கொண்டிருப்பது. பேராதனைத் தாவரவியல் துறையின் சாவித்திரி குணதிலக்க, நிமல் குணதிலக்க இணையர் சிங்கராஜ வனத்தில் செய்தது அதைத்தான். 1990களில் அங்கே 25 ஹெக்டயர் நிலத்தை அளந்து, ஒரு சென்ரிமீற்றருக்குக் குறையாத விட்டமுள்ள ஒவ்வொரு மரத்துக்கும் கன்றுக்கும் இலக்கமிட்டார்கள். ஏறத்தாழ 2 லட்சம் தண்டுகள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அவற்றைத் திரும்ப எண்ணும்போதுதான் எந்த இனம் பெருகுகிறது, எது சாகிறது, வறட்சி எதைத் தாக்குகிறது என்பது தெரியும். மூன்று ஆண்டு உதவித்தொகையில் வந்துபோகும் வெளிநாட்டு மாணவர் ஒருவர் இதைத் தனியாகச் செய்ய முடியாது. ஒரு மாணவர் விட்ட இடத்தில் அடுத்தவர் தொடரும் துறை ஒன்றுதான் செய்ய முடியும். அதே சிங்கராஜ ஓரத்தில் நட்டிருந்த பைனஸ் மரங்களை முழுவதும் வெட்டாமல், சில வரிசைகளை மட்டும் அகற்றி, அந்த இடைவெளியில் காட்டு மரக்கன்றுகளை வளர்க்கலாம் என்று இவர்களும் உடன் உழைத்தவர்களும் 1997இல் காட்டினார்கள். மலைநாடெங்கும் பைனஸ் நிற்கும் நாட்டில் இது வெறும் ஏட்டறிவாகுமா?

எல்கடுவைப் பக்கத்துக்கும் இப்படி ஒரு கேள்வி இருக்கிறது. நக்கிள்ஸ் 2000இல் பாதுகாக்கப்பட்ட வனமாக அறிவிக்கப்பட்டது. 2010இல் மத்திய மலைநாட்டின் பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. காட்டுக்குள் ஏலம் பயிரிடுவது தடைப்பட்டது. பயிரிட்டவர்கள் வருமானத்தை இழந்தார்கள். அதற்கு ஈடாகக் காடு உண்மையிலேயே மீள்கிறதா? ஸ்கொட்லாந்தின் அபர்டீன் ஆய்வாளர்களும் குணதிலக்க இணையரும் சேர்ந்து 2012இல் வெளியிட்ட ஆய்வு, ஏலம் பயிரிட்ட நிலத்தின் மண்ணும் இளமரங்களும் இயற்கைக் காட்டினுடையவற்றிலிருந்து மாறுபட்டிருப்பதைக் காட்டியது. தடை போட்டுவிட்டால் காடு தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கை போதாது என்பதே இதன் பொருள். அடுத்த இருபது ஆண்டுகளுக்கு அந்த நிலங்களை யார் பார்த்துக்கொண்டிருப்பது? மாதந்தோறும் போய்வரக்கூடிய தூரத்தில் இருக்கும் பல்கலைக்கழகம்தான்.

சனங்களுக்குப் பயனில்லை என்ற வாதத்துக்கு நுளம்பே பதில் சொல்லும். 1934-35இல் மலேரியாவால் ஏறத்தாழ 80,000 பேர் மாண்ட நாடு இது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இதை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அந்த வெற்றி மருந்தாலும் வலையாலும் மட்டும் வரவில்லை. எந்த நுளம்பு எந்த நீரில் முட்டையிடுகிறது என்று தெரிந்தால்தான் எங்கே மருந்தடிப்பது என்று முடிவெடுக்க முடியும். மகாவலித் திட்டம் நிலத்தின் நீரோட்டத்தையே மாற்றியபோது நுளம்புகள் எப்படி மாறின என்று ஆராய்ந்தவர் பேராதனை விலங்கியல் பேராசிரியர் ஃபீலிக்ஸ் அமரசிங்க. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் துறையின் நோபல் சுரேந்திரனும் உடன் ஆய்வாளர்களும் காட்டியது இன்னும் வியப்பானது. டெங்கு பரப்பும் ஏடிஸ் நுளம்பு நன்னீரில்தான் வளரும் என்று உலகம் நம்பியிருந்தது. நுளம்பு ஒழிப்பும் அந்த நம்பிக்கையில்தான் நடந்தது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கரையோர உவர்நீரில், கைவிட்ட கிணறுகளிலும் வீசிய பாத்திரங்களிலும் அதன் குடம்பிகள் வளர்வதை 2011இல் அவர்கள் வெளியிட்டார்கள். பெரிய கருவி எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. பாடநூலைத் தாண்டிக் கிணற்றுக்குள் எட்டிப்பார்க்கப் பயின்ற, அந்தக் கரையிலேயே வாழும் ஆய்வாளர்கள் தேவைப்பட்டார்கள். 2008இல் எலிக்காய்ச்சல் நாட்டில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தாக்கியபோது மாத்தளை மிகவும் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒன்று. அதை ஆராய்ந்தவர்களில் ரஜரட்டைப் பல்கலைக்கழகத்தின் சுனெத் அகம்பொடியும் பேராதனை நுண்ணுயிரியலாளர் வசந்தி தேவநேசமும் உண்டு.

தரக்குறைவு பற்றிய குற்றச்சாட்டை நான் தட்டிக்கழிக்கப் போவதில்லை. பதவி உயர்வுப் புள்ளிக்காக எழுதி எவரும் வாசிக்காமல் கிடக்கும் கட்டுரைகள் இருக்கின்றன. கற்பித்தல் சுமையில் மேற்பார்வையாளர் மாணவரைக் கவனிக்காத துறைகளும் இருக்கின்றன. ஆனால் ஆய்வுக்கும் அபிவிருத்திக்கும் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 0.1 வீதம் மட்டுமே செலவிடும் நாட்டில், இந்தக் குறைகளை ஆய்வின்மேல் சுமத்துவது முறையல்ல. அந்தச் சொற்பப் பணத்திலேயே மேலே சொன்னவை விளைந்திருக்கின்றன. கற்பித்தலோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பவர்களுக்கு இன்னொன்று: தானே கேள்வி கேட்டுத் தேடாத விரிவுரையாளர், ஏடிஸ் நன்னீரில் மட்டுமே வளரும் என்பதைத்தான் இன்றைக்கும் கற்பித்துக்கொண்டிருப்பார்.

ஒரு குறையை மட்டும் நானே சேர்த்துச் சொல்வேன். இந்த ஆய்வுகள் ஆங்கில இதழ்களில் முடிந்துவிடுகின்றன. எந்தத் தோட்டத்துக்குப் பக்கத்தில் அந்த ஓணான் வாழ்கிறதோ, அந்தத் தோட்டத்துத் தமிழ்ப் பாடசாலையின் உயிரியல் வகுப்புக்கு அவை வந்துசேர்வதில்லை. ஆய்வு உதவித்தொகை வழங்கும் நிறுவனங்கள், களம் அமைந்த ஊரின் மொழியில் முடிவுகளைச் சுருக்கி அவ்வூர்ப் பாடசாலைகளுக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் கொடுப்பதை நிபந்தனையாக்கலாம். சில பக்கங்கள் எழுதும் வேலைதான் அது. எல்கடுவைத் தோட்டத்துப் பிள்ளை ஒருவர் பேராதனையில் சிறப்புப் பட்டம் முடித்து, தான் பிறந்த மலையின் ஓடையையே ஆய்வுக்களமாகக் கேட்டு வந்தால், ‘வெளிநாட்டுக்கு விண்ணப்பியும்’ என்று திருப்பி அனுப்பாமல் களச்செலவுக்கும் மூன்று நான்கு ஆண்டுச் சம்பளத்துக்கும் வழிசெய்வது துறையின் கடமை.