இரண்டு தோணியில் கால் வைக்கும் படிப்பு

மகன் பொறியியல் முடித்துவிட்டு உளவியல் படிக்கக் கேட்கிறான், இரண்டு தோணியில் கால் வைக்கிறான் என்று நமது வியாபாரிகள் சிலர் குறைப்படுகிறார்கள். அந்தப் பிள்ளையைத் தடுக்க வேண்டாம் என்பேன்.

2010இல் சென்னையின் ஸ்கார்ஃப் நிறுவனம் புதுக்கோட்டைக் கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸை அனுப்பத் தொடங்கியது. நோயாளி பஸ்ஸுக்குள், உளநல வைத்தியர் சென்னையில். நடுவில் கமெராவும் திரையும். மருந்தும் பஸ்ஸிலேயே கிடைத்தது. இணைப்பு அறுந்தால் பொறியியலாளர் வேண்டும். திரையைக் கண்டு மிரளும் நோயாளிக்கு உளவியல் தெரிந்தவர் வேண்டும். இரண்டும் தெரிந்த ஒருவர் அந்த பஸ்ஸையே வேறு விதமாக அமைத்திருப்பார்.

வன்னிக்கு இது தேவையில்லையா? இறுதிப் போரில் இடம்பெயர்ந்த வன்னி மக்களின் மனக்காயத்தை உளநல வைத்தியர் தயா சோமசுந்தரம் 2010இலேயே ஆய்வாக எழுதிவிட்டார். துணுக்காயில் இருக்கும் கூலியாள் கிளினிக் போனால் அன்றைய சம்பளம் போச்சு. (நமது கடையிலும் ஓர் ஆள் குறைவு, அதையும் சொல்லத்தானே வேண்டும்!)

யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில். மருத்துவ பீடம் யாழ்ப்பாணத்தில். இரண்டுக்கும் இடையில் ஏ9 வீதிதான். இரு பீடங்களும் சேர்ந்து ஒரு பட்டப்பின் படிப்பைத் தொடங்கலாம். கட்டிடத்தில் பெயர் பொறிக்கக் காசு கொடுக்கும் நமது முதலாளிமார், அதற்கு இரண்டு புலமைப்பரிசில் கொடுக்கட்டும்.